அந்தப் பக்கம் மடிஞ்ச இலை

டேய், எல்லாரும் போனைக் கீழ வைங்கடா. சோறு ஓடிப்போயிராது. இலை போட்டு எட்டு நிமிசமாச்சு, ஒருத்தன்கூட ஒரு பருக்கைய வாயில வைக்கல, அப்பளத்துக்கு என்னமோ ஆதார் கார்டு எடுக்கிற மாதிரி நேரா வச்சு, சாச்சு வச்சுப் போட்டோ புடிச்சுக்கிட்டிருக்கீங்க. ஏன்டா இளவரசு, வீட்டுல உங்கம்மா வச்ச ரசத்துல ஈ விழுந்தாலும் எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கிற பய நீ, இங்க வந்து தண்ணி வைக்க லேட்டாச்சுன்னு ரெண்டு ஸ்டாருங்கிற. பிரகதீசு, நீ அதுக்கு மேல. ஓசியில கெடைச்சா சுண்டலோட பேப்பரையும் சேத்துத் திங்கிறவன், கூட்டுல ஆழமே இல்லங்கிற. ஆழத்துக்கு அது என்னடா, கெணறா?

போடுங்க, ஸ்டாரு எத்தனை வேணாலும் போடுங்க. அதுக்கு முன்னாடி முசிறியில நடந்த ஒன்னைச் சொல்றேன், திங்கிற வாய் திங்கட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் வைங்க. இதுல ஒரு பய வருவான். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்தோட போதும்னு தூக்கிப் போட்டவன், வாய் மட்டும் வளந்தவன். பேரு சொல்ல மாட்டேன். அதுக்குள்ள ஏன்டா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க? கதை அவனப் பத்தினது இல்ல. கலியபெருமாளப் பத்தினது.

முசிறி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவுல செவ்வந்தி மெஸ்ஸுன்னு ஒன்னு இருந்துச்சு. மத்தியானச் சாப்பாடு மட்டுந்தான். பன்னெண்டு டேபிள், ஆறு ஃபேனு, அதுல நாலு சுத்தும். கலியபெருமாளு பரிமாறுவாரு, அவரு சம்சாரம் மருதாயக்கா உள்ள சமைப்பாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு செவுரு, அந்தச் செவுத்துல ஒரு அகலமான பொந்து, அந்தப் பொந்து வழியா சோறு வெளிய வரும், சேதி உள்ள போவும். சேதின்னா என்னன்னு சொல்றேன். மருதாயக்காவுக்கு நாக்கு கெடையாது. இருக்கு, ருசி கெடையாது. கல்யாணமான ரெண்டாம் வருசம் டைபாய்டு வந்துச்சு, அது போகும்போது நாக்குல இருந்த ருசியையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுலேருந்து அவங்களுக்கு உப்பும் ஒன்னுதான், சீனியும் ஒன்னுதான், ரெண்டுமே ஆத்து மணலு. அப்ப இது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சேதி, ஊருக்கெல்லாம் ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் எப்படி முப்பது வருசமா ஒரு ஊருக்கே ஆக்கிப்போட்டாங்கன்னா, இலையப் படிச்சு.

தின்னவன் கை கழுவப் போனதும் கலியபெருமாளு இலைய எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போவாரு, கூடைக்குப் பக்கத்துல நின்னு மடிச்ச இலையப் பிரிப்பாரு. ஓரத்துல வச்ச கூட்டு வச்ச மாதிரியே இருந்தா உப்பு கம்மி. பாதி தின்னுட்டு ஒதுக்கியிருந்தா காரம் தூக்கல். ரசத்துக்கு அணை கட்டுன தடம் இருந்தா புளி சரி. அப்பளம் நொறுங்கிக் கெடந்தா எண்ணெய் பழசு. ஒரு பருக்கைகூட இல்லாம, விரல் தடம் மட்டும் கோடு கோடா இருந்தா, வழிச்சுத் தின்னுருக்கான், அதுக்கு மேல கேக்க ஒன்னுமில்ல. பிரிச்சுப் பாத்ததைப் பொந்து வழியா உள்ள சொல்லுவாரு. "மருதாயி, பொரியல்ல ஒரு கல்லு உப்பு கொறையுது." "மருதாயி, ரசம் கும்முனு இருக்கு, கைய வைக்காத." அந்தக்கா அடுத்த பந்திக்குள்ள சரி பண்ணிருவாங்க.

கலியபெருமாளே ஏன் வாயில வச்சுப் பாத்துச் சொல்லக்கூடாதுன்னு நீங்க கேப்பீங்க. அவரு பொண்டாட்டிகிட்ட சொல்ற ஒரே வார்த்தை "நீ எதைப் போட்டாலும் அமிர்தம் புள்ள"ங்கிறது. "புருசன் நாக்கு பொய் சொல்லுங்க. எனக்கு இலை போதும்"னுட்டாங்க மருதாயக்கா.

கலியபெருமாளுக்கு இன்னொன்னு உண்டு. கை கழுவிட்டு வர்ற ஆளு "வரேன்ணே"ன்னு சொன்னா, "போயிட்டு வாங்க"ன்னு சொல்ல மாட்டாரு. நாளைக்கு என்ன காயோ அதைச் சொல்லுவாரு. "வரேன்ணே." "நாளைக்குப் புடலங்கா." "வரேன் கலியபெருமாளு." "நாளைக்கு வாழைப்பூ சார்." அவ்வளவுதான் வழியனுப்பு. நாளைக்கும் உனக்கு ஒரு இலை இங்க இருக்குங்கிறதுக்கு அதைவிட என்ன சொல்லணும்? ஒரு நாளைக்கு எம்பது தடவ சொல்லுவாரு, எம்பதாவது தடவையும் மொதத் தடவ மாதிரிதான் மொகம் இருக்கும்.

இப்ப அந்தப் பய வர்றான். பைக்கை எடுத்துக்கிட்டு கொளித்தலை, துறையூரு, தொட்டியம்னு ஓட்டல் ஓட்டலாப் போயித் தின்னுட்டு, போனைத் தன் மூஞ்சிக்கு நேரா வச்சுத் தீர்ப்பு சொல்றதுதான் அவனுக்குப் பொழைப்பு. ஆரம்பத்துல நல்லாருந்தா நல்லாருக்குன்னுதான் சொன்னான். பாத்தது பதினேழு பேரு, அதுல நாலு பேரு சித்தப்பா மக்க. அப்புறம் ஒரு நாள், இந்தப் பரோட்டாவ டியூபுல ஒட்டுனா பஞ்சரே ஆவாதுன்னான், ஒரே ராத்திரியில முப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. அன்னைக்கே அவன் நாக்கு வேற வேலைக்குப் போயிருச்சு. மருதாயக்காவுக்குக் காய்ச்சல்ல போச்சு, இவனுக்குக் கைதட்டுல போச்சு.

ஒரு செவ்வாக்கெழம, செவ்வந்தி மெஸ்ஸுக்கு வந்தான். கத்திரிக்கா சாம்பாரு. அங்க டேபிளுக்கு ஒரு தூக்குல சாம்பார வச்சிருவாங்க, வேணுங்கிறவங்க வேணுங்கிற மட்டும் ஊத்திக்கலாம், யாரும் பாக்க மாட்டாங்க. கலியபெருமாளு அந்தக் கோடியில யூனியன் ஆபீஸ்காரங்களுக்கு மோர் ஊத்திக்கிட்டிருந்தாரு. இவன் தின்னு முடிச்சான். போனைத் தண்ணி ஜக்குல சாச்சு வச்சான். மூஞ்சிய இழவு வீட்டு மூஞ்சியா மாத்திக்கிட்டான். இலைய எல்லாரும் மடிக்கிற மாதிரி தன் பக்கமா மடிக்காம, இழவு வீட்டுல மடிக்கிற மாதிரி அந்தப் பக்கமாத் தள்ளி மடிச்சான். ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, செவுத்துல ஒட்டுற கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர வாசிக்கிற குரல்ல சொன்னான்: "செவ்வந்தி மெஸ் சாம்பார் காலமானார். தோற்றம், காலை பதினொன்று. மறைவு, மதியம் ஒன்றே கால். அன்னாரது நல்லடக்கம் என் வயிற்றில் நடைபெற்றது. இப்படிக்கு, ஆழ்ந்த துயரத்தில் வாடும் அப்பளம்."

சிரிக்காதீங்கடா. சரி, சிரிங்க. ஊரே சிரிச்சுச்சு.

கலியபெருமாளு இலை எடுக்க வந்தாரு. இலை அந்தப் பக்கமா மடிஞ்சு கெடந்துச்சு. நல்லது நடக்குற வீட்டுல, நாலு பேரு சந்தோசமாத் திங்கிற எடத்துல அப்படி மடிக்க மாட்டாங்க, ஏன்னா இந்தச் சோறு இனிமே இந்த வீட்டுல வேணாம், இந்தத் துக்கம் திரும்பி வரவே வேணாம்னு சொல்ற மடிப்பு அது. முப்பது வருசத்துல அவரு கடையில அப்படி ஒரு இலை மடிஞ்சதே இல்ல. அந்தப் பய "வரேன்"னு சொல்லாமலே பைக்கை ஒதைச்சான். இவரு பழக்க தோசத்துல "நாளைக்கு அவரக்கா தம்பி"ன்னாரு. அப்புறம் அந்த இலைய ரெண்டு விரலால தூக்கிட்டுப் போயி, பிரிச்சுப் பாக்காமக் கூடையில போட்டாரு. அந்தப் பக்கம் மடிச்ச இலைய யாருய்யா பிரிப்பா?

அவரு பிரிச்சுப் படிக்காத மொத இலை அதுதான்.

மறுநாள், அவரக்கா. போஸ்ட் மாஸ்டர் லோகிதாசன் தின்னு முடிச்சு, இலைய மடிக்கக் கைய நீட்டுனாரு. கை தொடுறதுக்கு முன்னாடி இலை தானா எந்திரிச்சு, அந்தப் பக்கமா, எதுத்தாப்ல உக்காந்திருக்கிறவன் நோட்டை மூடுன மாதிரி மெதுவா மடிஞ்சு படுத்துக்குச்சு. "கலியபெருமாளு, என் இலை அந்தப் பக்கம் போயிருச்சுப்பா"ன்னாரு. "ஃபேன் காத்து சார்." "என் தலைக்கு மேல இருக்கிறது சுத்தாத ஃபேனுப்பா." அதுக்குள்ள பக்கத்து டேபிள்ல வெதைக் கடைக்காரர் இலை மடிஞ்சுச்சு. அதுக்கடுத்து எல்ஐசி ஏஜெண்டு இலை. மூணு மணிக்குள்ள எழுவத்தாறு இலை, எழுவத்தாறும் அந்தப் பக்கம்.

ஊருன்னா சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வைத்தியம் பாத்தாங்க. இலை மேல தண்ணி டம்ளர வச்சுப் பாத்தாங்க, டம்ளரு உருண்டுச்சு. யூனியன் ஆபீஸ் டிரைவர் சின்னமுத்து ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சான், இலை அவனையும் சேத்து எதுத்த பெஞ்சுப் பக்கம் இழுத்துருச்சு, சட்டையில மோர் ஊத்திக்கிட்டு எந்திரிச்சான். சரி, எதுத்தாப்ல மாறி உக்காந்து தின்னா இந்தப் பக்கம் மடியும்லன்னு ஒரு புத்திசாலி சொன்னாரு. இலை ஆளப் பாத்துத்தான் மடிஞ்சுச்சு, தின்னவன் எந்தப் பக்கமோ அதுக்கு மறுபக்கம். எதிரும் புதிருமா ரெண்டு பேரு உக்காந்து தின்னா ரெண்டு இலையும் நடு டேபிள்ல நெத்தியோட நெத்தி முட்டிக்கிட்டு நின்னுச்சு. பூவன் இலை, ரஸ்தாளி இலை, மொந்தன் இலை, காட்டுப்புத்தூர் தோட்டத்து இலை, ஆத்துக்கு அந்தக் கரை இலைன்னு மாத்தி மாத்தி வாங்கிப் பாத்தாரு. பேப்பர் இலை போட்டாரு, அதுவும் மடிஞ்சுச்சு. எவர்சில்வர் தட்டு போட்டாரு, தின்னு முடிச்சதும் தட்டு மொள்ளமா குப்புறப் படுத்துக்குச்சு. சாப்பாட்டச் சோதிக்கிற ஆபீசரம்மா திருச்சியிலேருந்து வந்தாங்க, எண்ணெயப் பாத்தாங்க, தண்ணியப் பாத்தாங்க, ஒரு சாப்பாடு தின்னாங்க, இலை மடிஞ்சதையும் பாத்தாங்க. "இலை மடிதல்: வெளிப்புறமாக. எந்தப் பிரிவிலும் குற்றமாகாது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க.

கலியபெருமாளு மனசக் கல்லாக்கிக்கிட்டு ஒரு நாள் பின்பக்கம் நின்னு ஒரு இலையப் பிரிச்சாரு. உள்ள ஒன்னுமே இல்ல. கழுவித் தொடைச்ச மாதிரி. இன்னொன்ன பிரிச்சாரு, அதுவும் அப்படித்தான். கூட்டையே தொடாத வாத்தியாரு இலையும் வெறும் இலை, தயிர்ச் சோத்துல பாதிய விட்டுட்டுப் போன சேட்டு இலையும் வெறும் இலை. எல்லா இலையும் ஒரே மாதிரி இருந்தா அதுல என்னத்தப் படிக்கிறது?

"ஏங்க, இன்னைக்கு என்ன சொல்லுச்சு இலை?"

"ஒன்னும் சொல்லல புள்ள."

"கூட்டு?"

"தெரியல."

"ரசமாச்சும்?"

"மருதாயி, எல்லாம் வெறும் இலையா இருக்கு."

பொந்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து, "அப்ப நான் இருட்டுல சமைக்கிறேன்"னாங்க.

ஊருக்கு இது பழகிப்போச்சு. எல்லாந்தான் பழகுது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வேற நல்ல சாப்பாடு கெடையாது, அதனால வந்தாங்க, தின்னாங்க. ஆனா இலை அப்படி மடிஞ்ச எடத்துல என்ன வழக்கமோ அது ஒவ்வொன்னா வந்து ஒட்டிக்கிச்சு. மொதல்ல வீட்டுப் பொம்பளைங்க ஆரம்பிச்சாங்க. "எங்க தின்னீங்க? மெஸ்ஸுலயா? அப்படியே கொல்லப்பக்கம் போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க." பேங்க் கேஷியரு தெனம் ரெண்டரை மணிக்கு ஈரத்தலையோட வேலை பாத்தாரு. அப்புறம் கலியபெருமாளே வாசல்ல ஒரு டிரம்ல தண்ணி வச்சாரு, தெளிச்சுக்கிட்டுப் போனாங்க. அப்புறம் உள்ள பேச்சு கொறைஞ்சுச்சு. அரசியல் பேசுறவன்கூட மெதுவாப் பேசுனான். அப்புறந்தான் அந்தக் கடைசி வழக்கம் வந்துச்சு. இழவு வீட்டுலேருந்து கெளம்புறவன் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டான்ல? அந்த மாதிரி ஒருத்தன் சொல்லாமப் போனான், மறுநாள் பத்துப் பேரு சொல்லாமப் போனாங்க, அந்த மாசக் கடைசியில லோகிதாசன் சாரே கை கழுவிட்டு, வாயத் தொறந்து, கலியபெருமாளப் பாத்து, வாய மூடிக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு.

கலியபெருமாளு கை கழுவுற எடத்துக்குப் பக்கத்துல அதே மாதிரிதான் நின்னாரு. நாளைக்கு முருங்கைக்கா. நாக்கு நுனியில இருக்கும், கேக்க ஆளு இருக்காது. பின்பக்கம் போயி இலைக் கூடைகிட்ட நின்னு சொல்லிட்டு வருவாரு, நாளைக்கு முருங்கைக்கா, நாளைக்குப் பீர்க்கங்கா, நாளைக்கு வெண்டிக்கா.

அப்படியே கடை படுத்துருச்சுன்னு நெனைக்காதீங்க. அதான் வேடிக்கை, கூட்டம் ஏறுச்சு. காவேரிக் கரையில எரிச்சுட்டுக் குளிச்சுட்டு வந்த ஒரு குடும்பம், வாடகை வீடு, வீட்டுக்காரன் காரியச் சாப்பாடெல்லாம் இங்க வச்சுக்காதன்னுட்டானாம், பதினோரு பேரா வந்து உக்காந்து தின்னாங்க. இலை தானா மடிஞ்சுச்சு. அப்பனப் பறிகொடுத்த மூத்த பொண்ணு, அதுவரைக்கும் கண்ணுல ஒரு சொட்டு வராத பொண்ணு, "நம்ம கையால மடிக்க வேண்டியதில்லம்மா, அதுவே மடிச்சுக்கிச்சு"ன்னு சொல்லி ஓன்னு அழுதுருச்சு. அவ்வளவுதான், சேதி பரவிருச்சு. நாமக்கல்லுலேருந்து, பெரம்பலூர்லேருந்து, அரியலூர்லேருந்து வேன் வச்சுக்கிட்டு வந்தாங்க. பதினாறாம் நாளுன்னா செவ்வந்தி மெஸ்ஸு. செத்தவங்களுக்குப் புடிச்ச காய முன்கூட்டியே சொல்லி அனுப்புனாங்க. டேபிள் கெடைக்க வாரக்கணக்குல காத்துக் கெடந்தாங்க.

ஆனா காரியச் சாப்பாட்டுல எவனாவது வாயத் தொறந்து சாம்பார் நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லுவானா? தலையக் குனிஞ்சு தின்னுட்டு எந்திரிப்பான். இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு கேக்கவே கூச்சப்படுவான். அத்தனை கூட்டத்துக்கு நடுவுல மருதாயக்காவுக்கு ஒரு வார்த்தை கெடைக்கல. கலியபெருமாளு பாத்தாரு, ஒரு நாள் பொந்து வழியா, "இன்னைக்குப் பெரம்பலூர்க்காரங்க ரொம்ப நல்லாருக்குன்னாங்க புள்ள"ன்னு சொல்லிப் பாத்தாரு.

"எழவுச் சோத்த எவன் நல்லாருக்குன்னு சொல்லுவான்? சும்மா போங்க."

அந்த வீடியோவ மருதாயக்கா சைக்கிள் கடைக்காரர் போனுல பாத்தாங்க. ஒரு தடவ இல்ல, ஆறு தடவ. கோவமே வரல அவங்களுக்கு. "செத்துப்போச்சுன்னு சொல்றானே, எதனால செத்துச்சுன்னு சொல்லலியே"ன்னாங்க. அதுலேருந்து தேட ஆரம்பிச்சாங்க. ஒரு வாரம் பருப்ப மாத்துனாங்க. ஒரு வாரம் புளிய மாத்துனாங்க. மல்லிய வீட்டுல வறுத்துப் பாத்தாங்க, கடையில அரைச்சுப் பாத்தாங்க. போர் தண்ணி வேணாம்னு ஆத்துத் தண்ணி கொண்டாரச் சொன்னாங்க. மாத்தி மாத்தி வச்சுட்டுப் பொந்துல வந்து மொகத்த வச்சுக்கிட்டு நிப்பாங்க. வெளிய குனிஞ்ச தலையாத்தான் தெரியும்.

"அவன் இலைய அன்னைக்குப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

இந்தக் கேள்விய அவங்க ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க. கலியபெருமாளு கரண்டியத் தொடைச்சுக்கிட்டே, "இல்ல"ன்னாரு.

"எல்லா இலையையும் பிரிப்பீங்களே."

"அது அந்தப் பக்கமா மடிச்சிருந்துச்சு மருதாயி."

"ம்"னாங்க. அந்த ம்முக்கு அப்புறம் கலியபெருமாளுக்கு ஒழுங்காத் தூக்கம் இல்ல.

ஒன்னரை வருசம் கழிச்சு அந்தப் பயலோட பெரியப்பா செத்துப்போனாரு. ஊரு வழக்கம் ஆயிருச்சே, சொந்தமெல்லாம் சேந்து காரியச் சாப்பாட்ட அங்கதான் வச்சாங்க. அந்தப் பய கடைசி டேபிள்ல, தூணுக்குப் பின்னாடி உக்காந்தான். கலியபெருமாளு அவனுக்குப் பரிமாறும்போது அடையாளம் தெரிஞ்சுச்சு, சோத்த வச்சுட்டு நகந்துட்டாரு. பொந்துலதான் சொல்லிருப்பாரு போல. முப்பது வருசத்துல பந்தி நேரத்துல அடுப்படிய விட்டு வெளிய வராத மருதாயக்கா, முந்தானையில கையத் தொடைச்சுக்கிட்டு வந்து, அவன் எதுத்தாப்ல நின்னாங்க.

"நீதானே தம்பி அது?"

அவன் வாயில சோறு.

"வைய வரல சாமி, தின்னு. ஒன்னே ஒன்னு கேக்கணும். அன்னைக்கு சாம்பார்ல என்னா கொற? உப்பா? புளியா? சொன்னீன்னா திருத்திக்குவேன்."

பந்தி மொத்தமும் பாக்குது. அத்த பாக்குது, மாமன் பாக்குறான், போனைத் தூக்கலாமா வேணாமான்னு நாலு பயலுவ பாக்குறானுவ. உண்மையச் சொல்லிருக்கலாம். உண்மை ரொம்பச் சின்னது, மூணு வார்த்தை. ஆனா அதைச் சொன்னா அவன் வாய் என்னாவுறது, ஊரே சிரிச்ச சிரிப்பு என்னாவுறது? வாய்க்கு வந்தத எடுத்து விட்டான்.

"பெருங்காயம் தூக்கலா இருந்துச்சுக்கா."

மருதாயக்கா மொகத்தப் பாத்திருக்கணும்டா நீங்க. பரிச்சையில பாஸானவ மாதிரி அப்படி ஒரு வெளிச்சம். "பெருங்காயமா! அதானே பாத்தேன். உப்பு, புளின்னு சுத்துனேன், அதை நெனைக்கவே இல்ல பாரேன். ரொம்ப நல்லது சாமி, சொன்னியே"ன்னு அவன் தோள்பட்டையத் தொட்டுட்டு உள்ள போனாங்க. "ஏங்க, பெருங்காயங்க"ன்னு பொந்துக்கு உள்ளேருந்து சத்தம் கேட்டுச்சு.

மறுநாள்லேருந்து பெருங்காயம் இல்ல. ஒரு துளி இல்ல. அன்னையிலேருந்துதான் அந்த மெஸ் சாம்பாரு நெசமாவே செத்துச்சு. தின்ன அத்தனை பேருக்கும் தெரியும், எவனும் சொல்லல. குனிஞ்ச தலை குனிஞ்ச மாதிரியே தின்னுட்டுப் போனாங்க. மருதாயக்கா மட்டும் நாலு மாசம் பாட்டுப் பாடாத கொறையா அடுப்படியில நின்னாங்க, கொறையக் கண்டுபுடிச்சாச்சுல்ல.

அப்ப கரூர்லேருந்து ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. அதுக்குக் காரியம்னா என்ன தெரியும், வழக்கம்னா என்ன தெரியும்? எல்லாரும் சத்தமில்லாமத் திங்கும்போது மணி அடிச்ச மாதிரி சொல்லுச்சு: "அம்மா, சாம்பார் நல்லாவே இல்ல."

அவங்கம்மா வாயப் பொத்துச்சு. அதுக்குள்ள மருதாயக்கா வெளிய வந்துட்டாங்க. அந்தப் புள்ள முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்தாங்க. "என்னாடி கண்ணு கொற?"

"எங்க வீட்டுல வாசமா இருக்கும். இதுல வாசமே இல்ல."

"சின்னப் புள்ளக்கா, மன்னிச்சுக்குங்க."

"புள்ளைய வையாதீங்க. ரெண்டு வருசத்துல எங்கிட்ட நெசத்தப் பேசுன ஒரே ஆளு இவதான்."

பந்தி முடிஞ்சதும் அடுப்ப அணைச்சுட்டு வந்து கலியபெருமாளுக்கு எதுத்தாப்ல உக்காந்தாங்க. "ஏங்க, அந்தப் பய பொய் சொல்லிருக்கான்."

"எது பொய்யி? மொதல்ல போனுல சொன்னதா, பொறவு உங்கிட்ட சொன்னதா?"

"அது தெரிஞ்சா நான் நாளைக்கு அடுப்பப் பத்த வைப்பேன்"னாங்க. "பெருங்காயம் கொற இல்லன்னா வேற எதோ கொறையா, இல்ல கொறையே இல்லையா? கை இனிமே எதை எடுக்கும், எதை விடும்?"

கலியபெருமாளுக்கு ஒரே ஒரு இலைதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ரெண்டு விரலால தூக்கிக் கூடையில போட்ட இலை. அதை அன்னைக்கே மாடு தின்னுருக்கும். தின்ன மாடும் செத்துப்போயிருக்கும்.

மறுநாள் அடுப்பு பத்தல. அதுக்கு மறுநாளும் பத்தல. நாமக்கல் வேனு வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போச்சு. அந்த வாரமே பொன்னமராவதியில இருக்கிற மக வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. ரெண்டு பொட்டி, ஒரு மூட்டை, பெரிய கரண்டி ஒன்னு மூட்டையிலேருந்து காம்ப நீட்டிக்கிட்டிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்சவங்கல்லாம் நின்னாங்க, லோகிதாசன் சாரு, வெதைக் கடைக்காரரு, சின்னமுத்து. கலியபெருமாளு எல்லாரையும் ஒரு தடவ பாத்தாரு. வரேன்னு சொல்லல. பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்துட்டாரு. பஸ்ஸு நகரும்போது லோகிதாசன் சாருக்குத் தாங்கல, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு எட்டு ஓடுனாரு.

"கலியபெருமாளு, நாளைக்கு என்னப்பா காயி?"

அவரு கேட்டாரு. கேட்டுச்சுன்னு மொகத்துல தெரிஞ்சுச்சு. வாயி லேசாத் தொறந்துச்சு, ஒரு காயும் வரல. பஸ்ஸு பாலத்துல ஏறிருச்சு.

இப்ப அந்த எடத்துல செல்போன் கடை. அவ்வளவுதான்டா கதை. பொன்னமராவதிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும், அந்தப் பய இன்னும் ஒரு பஸ்ஸுலகூட ஏறல. உங்களுக்கு எல்லாம் ஆறிப்போச்சு பாருங்க, தின்னுங்க.

அந்த இலையில என்ன இருந்துச்சுன்னு அந்தக்கா கேட்டாங்கல்ல? ஒன்னுமே இல்லடா. நாலு தடவ சாம்பார் ஊத்திப் பெசைஞ்சு தின்னு, விரலால வழிச்சு நக்கிட்டுத்தான், அதை நான் அந்தப் பக்கமா மடிச்சேன்.